சின்னக் கேத்தல்

ஹோட்டலில் நல்ல தேநீர் குடிக்க வேண்டுமானால் நாலு மணிக்கு முன்னால் போகக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்கு வைத்த சுடுதண்ணீரையே மறுபடி சூடாக்கி ஊற்றிவிடுவார்கள். நாலு மணிக்குத்தான் குசினியில் புதுத் தண்ணீர் வைப்பார்கள். இருபத்தெட்டு வருடம் மனையியல் படிப்பித்தவள் நான். பழைய தண்ணீரை ஒரு மிடற்றிலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்காகக் கோபிக்க வேண்டாம். உங்கள் பொலிஸ்காரர் எழுதிய முதல் பக்கத்தில் ஒன்பது பிழைகள் இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. என் பெயர் உம்மு குல்சும். வயது அறுபத்து மூன்று. கணவர் றஊப் காலமாகிப் பத்து வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. இதை யாரும் வற்புறுத்தி எழுத வைக்கவில்லை. கதிரை தந்தீர்கள், மின்விசிறியையும் என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். நன்றி.

இரத்தினேஸ்வரி டீச்சரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்தோம். அவர் கணிதம். ஓய்வு பெற்ற பிறகு, வெள்ளிக்கிழமை தவிர மற்றெல்லா நாளும் பின்னேரம் டச்பே கடற்கரை மணலில் நடப்போம். நடக்கச் சொன்னது டொக்டர், டீச்சருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது. நடந்து முடிந்ததும் உள்துறைமுகம் தெரியும் அந்தச் சின்ன ஹோட்டலின் விறாந்தைக்குப் போவோம். அது டொக்டர் சொன்னதல்ல, எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு. ஆளுக்கொரு கட்லட், ஒரு தட்டுத் தேநீர். சீனன்குடாப் பக்கம் போகும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டே அவர் பழைய அதிபர் மாதிரிப் பேசிக் காட்டுவார். நான் சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைப்பேன். பின்னேரம் நாலு முதல் ஆறு வரை என் வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அந்த இரண்டு மணித்தியாலம் எவ்வளவு நீளம் என்று. டீச்சர் இருந்தால் அது பத்து நிமிடம். எனக்கு அவர் மேல் உயிர். அதை மறைக்க என்ன இருக்கிறது.

கொரோனா வந்து போனதிலிருந்து அவருக்கு மணமும் ருசியும் இல்லாமல் போய்விட்டன. உப்பு, புளி, இனிப்பு ஒன்றும் தெரியாது.

"எல்லாம் சுடுதண்ணி போலத்தான் கிடக்கு, டீச்சர். அவங்கள் மறந்து சீனி போட்டாலும் எனக்குத் தெரியாது. நீங்கள்தான் பாத்துச் சொல்ல வேணும்" என்றார்.

அன்றிலிருந்து அது எங்கள் வழக்கம். அவருடைய கோப்பையில் முதலில் நான் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்ப்பேன். "சீனி இல்ல, குடிங்க" என்பேன். பிறகுதான் அவர் வாய் வைப்பார். எனக்கு இனிப்பில்லாமல் தேநீர் இறங்காது. அதனால் வெயிட்டர் றிகாஸ் இரண்டு கேத்தல் கொண்டு வருவார். பெரிய கேத்தலில் சீனி போட்டது எனக்கு. சின்னக் கேத்தலில் சீனி போடாதது டீச்சருக்கு. இரண்டும் பால் விட்டது, நிறத்தில் வித்தியாசம் தெரியாது.

ஒரு வியாழக்கிழமை அவர் அந்த விறாந்தையில் வைத்துச் சொன்னார். "நிஷாந்தினி கடதாசி எல்லாம் அனுப்பிட்டாள். இனி மெடிக்கல் மட்டும்தான். மார்கழிக்கு முன்னம் கனடா போயிடுவன் போல."

நிஷாந்தினி அவருடைய ஒரே மகள். நல்ல பிள்ளைதான். நான் "மாஷா அல்லாஹ்" என்றேன். சந்தோசமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அன்றைக்கென்று பார்த்து றிகாஸ் கேத்தல்களை மாற்றிவிட்டார். சின்னக் கேத்தலில் இருந்து ஊற்றி ருசி பார்த்தேன், நல்ல இனிப்பு. டீச்சர் என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"சீனி இல்லைத்தானே?"

"இல்ல" என்றேன்.

ஏன் சொன்னாய் என்று நீங்கள் நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். அன்றைக்கு எனக்கே தெரியாது. அடுத்த நாள் வெள்ளி. வீட்டில் சும்மா இருந்து யோசித்தேன். மெடிக்கலில் சீனி கூடுதலாக இருந்தால் தவணை தள்ளிப் போகும், அவ்வளவுதானே என்று தோன்றியது. ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம். அதற்குள் நானும் மனதைத் தேற்றிக்கொள்வேன். சனிக்கிழமை கை கழுவப் போகிற சாக்கில் குசினி வாசலில் நின்று றிகாஸிடம் கதைத்தேன்.

"நான் தேத்தண்ணியக் குறைக்கப் போறன். இனிச் சின்னக் கேத்தல் எனக்கு. சீனிய அதுல போடுங்க. பெரிசுல வேணாம்."

"சரி, டீச்சர்" என்றார் அவர். அவரை விட்டுவிடுங்கள், பாவம். தட்டை வைத்துவிட்டுப் போவதோடு அவர் வேலை முடிந்தது. ஊற்றுவது எப்போதும் நான்தான், சின்னக் கேத்தலில் இருந்து டீச்சருக்கு.

மெடிக்கலில் சீனி ஏறியிருந்தது. பயணம் தள்ளிப் போனது. மறுபடி பார்த்தார்கள், இன்னும் ஏறியிருந்தது. நான் எதிர்பார்த்ததை விட இலகுவாக எல்லாம் நடந்தது. பிறகு சீனியோடு கட்டியான இனிப்பு ரின்பாலும் சேர்க்கச் சொன்னேன், ஏனென்றால் டீச்சர் தன் பாட்டில் வீட்டில் சோற்றைக் குறைத்துக்கொண்டிருந்தார். கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப் போவேன். மாதா மாதம் டொக்டர் சீனி அளவு எழுதும் கொப்பியைப் பார்த்துவிட்டு ஏசுவார்.

"ஒளிச்சுச் சாப்பிடுறீங்களா, அம்மா?"

"சத்தியமா நான் ஒண்டும் சாப்பிடுறேல்ல, ஐயா" என்று டீச்சர் அழுவார். கணக்குப் படிப்பித்தவர், சின்னப் பிள்ளை போல அழுவார். நான் முதுகைத் தடவிக் கொடுப்பேன். "எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுறவை" என்பார் டொக்டர். அவர் அப்படிப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. வயதில் மூத்தவரிடம் அப்படியா பேசுவது? ஒரு நாள் அதை அவர் முகத்துக்கு நேரேயே சொன்னேன்.

இன்னொன்றையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். இனிப்பில்லாத தேநீர் எனக்கு வாயில் வைக்க ஏலாத சாமான். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு இரண்டரை வருடம், பெரிய கேத்தலின் அந்தக் கசப்பைத்தான் நான் குடித்தேன். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. அதைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வருடத்தில் ஒரு மாதம் மட்டும் நாங்கள் விறாந்தைக்குப் போவதில்லை. அது நோன்பு மாதம். நீங்கள் மட்டும் போய்க் குடித்துவிட்டு வாருங்கள் என்று முதல் வருடம் நான் சொன்னேன், மரியாதைக்குத்தான் சொன்னேன்.

"என்ன கதை கதைக்கிறீங்கள்? நீங்கள் நாள் முழுக்கத் தண்ணிகூட இல்லாமல் இருக்க, நான் போய்ச் சொகுசாத் தேத்தண்ணி குடிக்கிறதோ? எனக்கும் இந்த மாசம் தேத்தண்ணி இல்லை" என்றார். சொன்னபடி வீட்டிலும் குடிக்கவில்லை. நோன்பு திறக்கும் நேரத்துக்கு என் வீட்டுக்கு வந்து, கஞ்சிக் கோப்பையை வைத்துக்கொண்டு பாங்கு சொல்லும் வரை என்னோடு காத்திருப்பார். அப்படிப்பட்ட மனுசி.

போன கார்த்திகையில் டச்பே மணலில் உடைந்த சிப்பி ஒன்று அவர் காலில் ஏறிவிட்டது. வலி தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றியபோதுதான் இரத்தத்தைக் கண்டாராம். காயம் ஆறவில்லை. தை மாதம் இரண்டு விரலை எடுத்தார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை அவருக்குக் கொடுக்கவில்லை, மூன்று நேரமும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனேன். சீனி இல்லாமல், எண்ணெய் இல்லாமல், ஒழுங்கான சாப்பாடு. தேநீர் வேறு, அது எங்கள் பின்னேரத்துக்கு உரியது. வீட்டுக்கு வந்த பிறகு முச்சக்கரவண்டியில் ஏற்றி மறுபடி விறாந்தைக்குக் கூட்டிப் போனேன்.

பிறகு நோன்பு வந்தது. காயத்தில் தசை பிடிக்கத் தொடங்கியது. டொக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். நிஷாந்தினி தொலைபேசியில் அழுதாள், விமானச் சீட்டும் போட்டுவிட்டாள். ஏப்ரல் இருபத்தாறு. பெருநாளுக்கு முந்திய கிளினிக்கில், டீச்சர் மருந்து எடுக்க வரிசையில் நிற்கும்போது டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீங்கதானே கூடப் பாக்கிறனீங்க? உங்களுக்கே சொல்லுறன். இது இனி ஆறும். ஆனா சீனி திரும்ப ஏறினா, கால் மட்டுமில்ல, ஆளையே காப்பாத்த ஏலாது."

விளங்கியதா என்று கேட்டார். ஓம் என்றேன். விளங்கியது. இதில் நான் எந்தச் சாக்கும் சொல்ல வரவில்லை. பெருநாளுக்கு மறுநாள் றிகாஸுக்குத் தொலைபேசி எடுத்து, நாலு மணிக்கு எங்கள் மேசையை வைத்துவிடச் சொன்னேன். சின்னக் கேத்தலைப் பற்றி அவருக்கு நினைவூட்டவும் செய்தேன், ஒரு மாத இடைவெளியில் மறந்திருப்பார் அல்லவா.

பதினொரு நாள் போனோம். பதினோராம் நாள் அவருக்கு மெல்லிய காய்ச்சல். நான் வரச் சொல்லவில்லை, அவர்தான் வந்தார். "இன்னும் ரெண்டு கிழமைதானே டீச்சர், பிறகு உங்களோட எங்க இருந்து குடிக்கப் போறன்" என்றார். ஊற்றினேன், ருசி பார்த்தேன், கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், இனிக்குது!"

நான் கேத்தலின் மூடியைச் சரியாக வைத்தேன்.

"எனக்கு ருசி வந்திட்டுது போல. மெய்யா இனிக்குது. ஒருக்காப் பாருங்கோ, சீனி கிடக்கோ?"

கோப்பையை என் பக்கம் தள்ளினார். நாலு வருடத்துக்குப் பிறகு நாக்கு திரும்பியிருக்கிறது. நான் கரண்டியை எடுத்து, அவசரப்படாமல் இன்னொரு தடவை ருசி பார்த்தேன். ரின்பாலும் சீனியும் தொண்டையில் ஒட்டின.

"இல்ல, டீச்சர். ஆசையில உங்களுக்கு அப்பிடித் தோணுது. காய்ச்சல் வாய்."

அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. "ஓம், அப்பிடித்தான் இருக்கும். நீங்கள் சொன்னாச் சரி" என்றார். தன் நாக்கை விட என் நாக்கை நம்பினார். அடி மண்டி வரைக்கும் குடித்து முடித்தார். அதன் பிறகு அவர் வெளியில் எங்கும் போகவில்லை. ஏப்ரல் இருபத்தோராம் திகதி ஆஸ்பத்திரியில் காலமானார். காலில் தொடங்கிய விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது என்று எழுதினார்கள்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, சொந்தக்காரர்கள் போன பிறகு நிஷாந்தினி கிளினிக் கொப்பியை என் மடியில் வைத்தாள்.

"அன்ரி, இதைப் பாருங்கோ. எல்லா மாசமும் ஏறிக் கிடக்கு. வருசத்தில ஒருக்கா மட்டும் இறங்குது. அதுவும் ஒரே மாசத்தில இல்லை. முதல் வருசம் ஏப்ரல் நடுவில, பிறகு ஏப்ரல் தொடக்கத்தில, இந்த முறை மார்ச்சில. ஏன் இப்பிடி? எனக்கு விளங்கேல்ல."

விளங்காது. அது கனடாக் கலண்டரில் இல்லாத கணக்கு. ஒரு பிள்ளை கேள்வி கேட்டால், தெரிந்த பதிலைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. இருபத்தெட்டு வருடப் பழக்கம்.

"அது நோன்பு மாசம், மகள். நோன்பில நாங்க தேத்தண்ணிக்குப் போறல்ல" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. அவள் தாயின் மகள், கணக்கு ஓடும். அன்று பின்னேரமே ஹோட்டலுக்குப் போய் றிகாஸிடம் கேட்டிருக்கிறாள். மற்றது உங்களுக்குத் தெரியும். நோன்பு நாளிலும் டீச்சரைப் பிடித்துக் கூட்டிப் போயிருந்தால் அந்தக் கொப்பியில் ஒரு குழியும் விழுந்திருக்காது. ஆனால் றமழான் பகலில் நான் தேநீர் மேசையில் உட்கார்ந்திருந்தால் ஊர் என்ன சொல்லும்? அல்லாஹ்வுக்கு என்ன பதில் சொல்லுவேன்? மூன்று வருடமும் ஒரு நோன்பைக்கூட நான் விடவில்லை.

ஆகவே, நீங்கள் கேட்டபடி தெளிவாக எழுதுகிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை இரத்தினேஸ்வரி அவர்களுக்குச் சீனி வருத்தம் இருப்பதையும், சீனி ஏறினால் உயிர் போகும் என்பதையும் அறிந்திருந்தே, சீனியும் ரின்பாலும் கலந்த தேநீரை என் கையால் ஊற்றி, சீனி இல்லை என்று சொல்லிக் கொடுத்து வந்தேன். அதனால் அவர் இறந்தார். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

நிஷாந்தினி நேற்று இங்கே வந்து, அம்மா உங்களுக்கு என்ன குறை வைத்தா என்று கேட்டாள். ஒரு குறையும் வைக்கவில்லை. அவளுக்குக் கோபம். எனக்கும் அவளிடம் கேட்க ஒன்று இருந்தது. தாயைக் கூப்பிட வேண்டும் என்று இத்தனை வருடம் ஓடித் திரிந்தாளே, விசா, சீட்டு, குளிருக்கு உடுப்பு எல்லாம் பார்த்தாளே. அங்கே அவருடைய தேநீரை முதலில் யார் ருசி பார்த்துக் கொடுப்பார்கள் என்று ஒரு நாளாவது யோசித்தாளா?