ஆம்ப்ரோஸுக்குப் போர்த்திய பொன்னாடை

சிராங்கூன் சாலையில் துணி விற்றாலும் தன்மானம் விற்காத தலைவர் அப்துல் கையூம் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் மூத்தோர்களே! மடியில் மழலையையும் மனத்தில் மலையளவு பொறுமையையும் சுமக்கும் தாய்மார்களே! ஆம்ப்ரோஸ் அண்ணே! அனைவருக்கும் இந்த லாசரஸின் பணிவான வணக்கம்.

ஏன், ஆம்ப்ரோஸ் பெயரைச் சொன்னதும் இத்தனை நாற்காலிகள் நெளிகின்றன?

நம் சிங்கப்பூரின் பாயா லேபார் விமான நிலையத்துக்கு இரண்டாவது ஓடுபாதை வருகிறது என்றார்கள். அதன் வழியில் இருந்தது நம் லோரோங், நாம் பிறந்து வளர்ந்த சந்து. அளவெடுக்க வந்தார்கள், கொடி நட்டார்கள். உயிரே போனாலும் நகரமாட்டோம் என்று முழங்கினோம். அப்போது ஆம்ப்ரோஸ்தான் சொன்னார், "நாட்டுக்கு ஒரு நல்லது வருது, நம்ம வீடு குறுக்க நிக்கலாமா லா?" என்று. சொன்னதோடு நின்றாரா? ஏணி போட்டு ஏறினார். தன் வீட்டுத் தகரக் கூரையைத் தன் கையாலேயே பிரித்தார். அவரைப் பார்த்து நாமும் பிரித்தோம்.

செம்மண் வந்தது, இயந்திரம் உறுமியது, ஒருநாள் அந்த உறுமல் ஓய்ந்தது. விமான நிலையம் கடலோரச் சாங்கிக்குப் போகிறதாம். இங்கே ஓடுபாதை வேண்டாமாம்!

அந்த முடிவைப் பழிக்க நான் வரவில்லை. வீடுகளின் தலைக்கு மேல் பறப்பதைவிட விமானங்கள் கடல்மேல் பறப்பது நல்லதுதான். பாதியில் விட்ட வேலைக்கு ஆன செலவை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். நம் செலவை யார் பார்ப்பது? ஆமினா பீவி வீட்டு நோன்புக் கஞ்சி, சூடு ஆறுமுன் வேலி தாண்டி அல்போன்சம்மாள் வீட்டுக்கு வருமே, இன்று எந்த பஸ் ஏறி வரும்? ஒரே சந்தில் ஏசிக்கொண்டும் பேசிக்கொண்டும் கிடந்த நாம், இன்று ஆளுக்கொரு அடுக்குமாடியில் கிடக்கிறோம்.

வலிக்கிறது. கோபப்பட ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆம்ப்ரோஸ் அகப்பட்டார். இன்று அவரை நம் லோரோங் சங்கத்திலிருந்து நீக்கத் தீர்மானம். முன்மொழிந்தவர் நண்பர் சிலுவைராஜ். வழிமொழிய என்னை அழைத்தார்கள்.

பொறுங்கள், பொறுங்கள். கைதட்டலைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

தீர்மானத்தைச் சொல்வதற்காகப் போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பிலோமினம்மாள் கதவைத் திறந்தார். "பூசை முடிஞ்சா அந்தப் பொட்டலுக்குத்தான் போயிடுறாரு தம்பி. நீங்களாச்சும் கூட்டிட்டு வாங்களேன்." போனேன். நம் வீடுகள் இருந்த இடத்தில், முழங்கால் உயரப் புல்லில் தனியாக நின்றார்.

"இங்க என்னண்ணே பண்றீங்க?"

"ஒரு பிளேனாச்சும் இங்க இறங்கியிருந்தா, உங்க மூஞ்சியில முழிச்சிருப்பேன் லா."

தாய்மார்களே, நான் அழுதுவிட்டேன். சொல்ல வெட்கமில்லை.

சிலுவைராஜ் அவர்களே, ஒன்று கேட்கிறேன். முதலில் கூரை பிரித்த முன்னோடி என்று இதே மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது யார்? சத்தமாகச் சொல்லுங்கள், பின்னால் கேட்கவில்லையாம்! ஆம், நீங்கள்தான். சரிகை போதாது என்று தலைவர் கடையில் சண்டை போட்டு, அகலச் சரிகையாக மாற்றி வந்ததும் நீங்கள்தான். தலைவர் சிரிக்கிறார், பாருங்கள்! ஓடுபாதை வரும் என்றபோது உத்தமர், வராது என்றதும் துரோகியா? அவருக்குத் தெரியாத எது நமக்குத் தெரிந்திருந்தது? போர்த்திய நாம் பொன்னாடையைத் திரும்பக் கேட்கப் போகிறோமா?

ஓடுபாதையைக் கைவிட்டது யாரோ எடுத்த முடிவு. அதில் நம்மை யாரும் கேட்கவில்லை. இந்த மனிதரைக் கைவிட்டால் அது நாம் எடுத்த முடிவு! வீட்டை இழந்தோம், வேலியை இழந்தோம், அண்டை அயலை இழந்தோம். ஆளையும் இழக்க வேண்டுமா? நான் வழிமொழிய மாட்டேன். வேண்டுமென்பவர் எழுந்து, அவர் முகத்தைப் பார்த்து வழிமொழியட்டும்!

எவரும் இல்லையா?

சிலுவைராஜ் எழுகிறாரே... ஐயா, மைக் இந்தப் பக்கம். அங்கே எங்கே போகிறீர்கள்? ஓ... வழி விடுங்கள், அவருக்கு வழி விடுங்கள். ஆம்ப்ரோஸ் அண்ணே, எழுந்திருக்காதீங்க. பக்கத்துல உட்காரத்தான் வர்றாரு.

என் பேச்சு முடிந்தது, தலைவர் அவர்களே. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் எழுந்து நடந்த அவருக்கும் என் நன்றி. வணக்கம்!