கைவிசேஷத்துக்கு ஒரு கடிதம்

ஓம் ஓம், உந்த வீடுதான். ஆனா பாக்க வாறாக்களுக்கு ரெண்டு மணிக்குத்தான் திறப்பினம். முன்னுக்கு நட்டிருக்கிற வீடு விற்பனைப் போட்டிலை பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறாரெல்லோ, அந்த ஏஜன்ற் இன்னும் வரேல்லை. வெயிலுக்கை ஏன் நிக்கிறியள் தம்பி? இஞ்சை, என்ர கராஜுக்குள்ளை வந்து இந்தக் கதிரையிலை இருங்கோ. கேத்தில் கொதிக்குது, தேத்தண்ணி ஒண்டு குடிக்கலாம். நீங்கள் இந்தியாவோ? கதையிலை விளங்குது. சுந்தரோ பேர்? நல்லது.

வீடு திறமான வீடு. நான் பக்கத்து வீட்டுக்காரி, பொய் சொல்ல மாட்டன். கூரை போன வரியம்தான் மாத்தினது. பேஸ்மென்ற்றுக்கை ஒரு சொட்டுத் தண்ணி வாறேல்லை. மில்லிக்கனிலை உந்த விலைக்கு உப்பிடி ஒரு வீடு கிடையாது.

பின்னை ஏன் எட்டு மாசமா விக்கேல்லையோ? அது வீட்டின்ர பிழை இல்லை, தம்பி. போட்டிலை நிக்கிற தில்லையம்பலத்தின்ர பிழை.

உந்தக் கூடைப்பந்து வளையத்தைப் பாக்கிறியள், என்ன? அது என்ர மகள் நிலக்சியின்ரை. பனிக்கையும் நிண்டு எறிவாள், நான் கத்துவன் உள்ளை வாடி எண்டு. எல்லைக்கு அங்காலை, ஒஹாயோ பக்கம் ஒரு கொலிஜ் படிப்புச் செலவு முழுக்கக் குடுத்துக் கூட்டிக்கொண்டு போனது. ரெண்டாம் வரியமே அவள்தான் ரீமிலை முதல் ஆள்.

அங்கை முந்தி விளையாடுற பிள்ளையளுக்குப் படிப்புச் செலவைத் தவிரச் சதக்காசு கிடையாது. கோட்டிலை வழக்குப் பேசிப் பேசி, இப்ப கொலிஜே நேரா காசு குடுக்குது. விளம்பரத்துக்கு நடிச்சும் வாங்கலாம், ஆனா போம் நிரப்பிக் காட்டோணும். அது போக ஸ்ரேற்றுக்கு ஒரு சட்டம். எல்லாத்துக்கும் சேத்து ஒரே சட்டம் கொண்டு வரப்போறம் எண்டு வாஷிங்டனிலை இருந்து இழுபடினம். நான் சீரியலை விட்டிட்டு உந்தக் கூட்டங்களைத்தான் யூரியூப்பிலை பாக்கிறனான், நம்புவியளோ? இஞ்சையிருந்து போன என்ர பிள்ளை மாதிரி, வெளிநாட்டிலையிருந்து வந்த பிள்ளையளுக்கு என்ன செய்யப்போறம் எண்டு ஒராளாவது வடிவாக் கேப்பினமோ எண்டு. ஏனெண்டால் உந்தப் பிள்ளையள் விசாவிலை படிக்கத்தான் போகலாம், அங்கை நிண்டு உழைக்கக்கூடாது. அதே ரீம், அதே வேர்வை. பக்கத்திலை நிக்கிற பெட்டை காசு வாங்குவாள், என்ர பிள்ளை கை தட்டிப்போட்டு வருவாள். அதைக் கூட அவள் ஒரு குறையாச் சொல்லேல்லை.

சீனி காணுமோ? சொல்லுங்கோ, கூச்சப்படாதேங்கோ.

தில்லையம்பலம் அவளுக்குப் போன் எடுத்தார். பிள்ளை, உன்ர ரீம் உடுப்போடை ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பு, வீடு வாங்கிறதெண்டால் எங்கடை தில்லையம்பலத்திட்டைப் போங்கோ எண்டு சொல்லு, அவ்வளவுதான் எண்டார். எங்கடை வீட்டிலை சாப்பிட்டு வளந்த மனிசன், மாட்டன் எண்டு சொல்லுவாளோ? ஜிம்முக்குள்ளை நிண்டு, தெரிஞ்ச தமிழிலை சொல்லி அனுப்பினாள். அடுத்த கிழமை சித்திரை வருசம். அண்டைக்கு நல்ல நேரம் பாத்து அவளின்ர கணக்குக்கு ஈ-ட்ரான்ஸ்பர் வந்துது. கைவிசேஷமாம்.

உங்கடை பக்கம் அது இல்லையோ? வருசத்தண்டைக்குப் பெரியாக்கள் வெத்திலையிலை காசு வைச்சுத் தாறது. வாங்கினால் வருசம் முழுக்கக் கையிலை காசு புழங்கும். இஞ்சை வெத்திலை போய் ஈ-ட்ரான்ஸ்பராப் போச்சு.

பிள்ளை எனக்கு எடுத்துக் கேட்டவள், தம்பி. அம்மா, இதை எடுக்கலாமோ, இஞ்சை எல்லாத்துக்கும் போம் நிரப்போணும் எண்டு. நான் என்ன சொன்னன் தெரியுமோ? விசரி, கைவிசேஷத்துக்கு ஆரடி போம் நிரப்பிறது, பெரியாக்கள் தாறதை மறுக்கிறதோ, எடு எண்டன். நான்தான் சொன்னது. இந்த வாயாலை சொன்னது. இரவிலை அதை நினைச்சால் எழும்பி இருந்திடுவன்.

அந்த வீடியோ இஞ்சத்தைத் தமிழ் ரீவியிலை ஒரு மாசம் ஓடிச்சுது. கொலிஜ்காரர் கண்டிட்டினம். அவையிலையும் பிழை இல்லை, அவை நியாயமாத்தான் கேட்டவை. அந்த மனிசனிட்டையிருந்து ஒரு கடிதம் கொண்டு வா, காசு வருசப்பரிசுதான், வேலைக்குக் குடுத்த கூலி இல்லை எண்டு எழுதட்டும், பாப்பம் எண்டினம். ஒரு கடிதம், தம்பி. நாலு வரி.

வோபர்னிலை அவற்ற ஒவ்வீசுக்குப் போனன். என்னை முக்கால் மணித்தியாலம் வெளியிலை இருத்தினார். பேந்து சொல்லுறார், அதை விளம்பரச் செலவெண்டு வரிக்கணக்கிலை காட்டிப்போட்டனாம், இனி மாத்தினால் கவண்மேந்து தன்னைத் தோண்டுமாம். அவளுக்குச் சின்ன வயசுதானே, வேறை கொலிஜ் கிடைக்கும் எண்டார். அழுதன். காலிலை விழாத குறை. அவர் எழுதின கடிதம் என்ன தெரியுமோ? விளம்பரத்துக்குக் குடுத்த கூலி எண்டு, கையெழுத்துப் போட்டு, தன்ர படம் போட்ட தாளிலை.

பிள்ளையை அனுப்பிப்போட்டாங்கள்.

இப்ப அஜக்ஸிலை ஒரு வெயார்ஹவுஸிலை நிக்கிறாள். ஆறடிக்குக் கிட்ட உயரமெல்லோ, மேல் தட்டிலை இருக்கிற பெட்டியை ஏணி இல்லாமல் எடுப்பாளாம், மனேச்சருக்கு வலு சந்தோசமாம். அவள் மன்னிச்சிட்டாளாம். விடுங்கோ அம்மா எண்டுறாள். நான் விடேல்லை. விடவும் மாட்டன்.

அவரோ? கட்டி முடியாத கொண்டோ மாடிவீடு ரெண்டுக்கு முற்பணம் கட்டிப்போட்டு நிக்கிறார். ஆனி முடியமுன்னம் மிச்சத்தைக் கட்டோணும், இந்த வீட்டை வித்தால்தான் உண்டு. ஓம், அவற்ற சொந்த வீடுதான். ஏஜன்ற்றும் அவர்தான், சொந்தக்காரரும் அவர்தான். அதுதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கராஜைத் திறந்து கதிரை போடுறனான். நீங்கள் பதினொராவது ஆள். வீட்டைப் பற்றி ஒருத்தருக்கும் பொய் சொல்லேல்லை, நல்ல வீடெண்டுதான் எல்லாருக்கும் சொன்னனான். ஆற்ற கையெழுத்தை நம்பிக் காசு குடுக்கப்போறியள் எண்டதை மட்டும்தான் சேத்துச் சொல்லுறது.

அந்தா, வெள்ளைக் கார். கண்டிட்டார், முழியைப் பாருங்கோ. இருங்கோ, ஏன் எழும்புறியள்? போறதெண்டால் போங்கோ, ஆனா தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ. வழியிலை மறிச்சு ஆரோடை கதைச்சனியள் எண்டு கேட்டால், அக்காவோடை எண்டு சொல்லுங்கோ.

ஆற்ற அக்காவோ? தில்லையம்பலத்தின்ரைதான். எனக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு தம்பி.