மூன்றாவது படத்தில் தூண்மேல் கைவைத்திருப்பவர்

பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை முதல் தாளில் எழுதியுள்ளபடி சரியே. வயது முப்பத்தொன்பது. திருமணமாகவில்லை. தொழில், புகைப்படம் எடுப்பது. ஃபிலிம் போடும் காமிராவில் மட்டும் எடுக்கிறேன். பாலங்கள், பூட்டிய கடைகள், வாகனம் நிறுத்தும் அடுக்குகள், மழை பெய்து ஓய்ந்த தெருக்கள் என்று நகரத்தின் தோற்றங்களை எடுப்பேன். அதில் பேர் வரும், சோறு வராது. வயிற்றுப்பாட்டுக்கு இசைக்கலைஞர்களைப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு வாடகை அறையும் அதை ஒட்டிய இருட்டறையும் வைத்திருக்கிறேன்.

இந்த வழக்கில் முதல் எதிரியாகக் காட்டப்பட்டுள்ள கட்டிடப் பொறியாளர் என் உடன்பிறந்த அண்ணன். அவருக்கும் எனக்கும் முன்விரோதம் இல்லை. பாகத் தகராறு இல்லை. போன வருடம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் வீட்டில்தான் படுத்திருந்தேன், அண்ணிதான் எனக்குத் தலை வாரிவிட்டார். இதை எழுதிக்கொள்ளும்படி நான்தான் கேட்டேன்.

இடிந்து விழுந்த கட்டிடம் எனக்கு முன்பே தெரியும். தெருமுனையில் நான்கு மாடியாக நின்ற கட்டிடம். கீழ்த்தளத்தில் சோபா, கட்டில் விற்கும் கடை. முதல் மாடியில் ஒரு இசைக்குழு ஒத்திகைக்காக அறை எடுத்திருந்தது. அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவரை எல்லோரும் இடி என்றுதான் கூப்பிடுவார்கள். வாசிப்பும் அப்படி, சிரிப்பும் அப்படி. வயலின் வாசிப்பவர் ஐம்பது வயதுப் பெண்மணி, அவரை வயலின் அக்கா என்போம். அவர்களுடைய முதல் இசைத்தட்டின் அட்டைக்குப் படம் எடுக்க என்னை அழைத்திருந்தார்கள்.

நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மாடி அறையில் வெளிச்சம் போதவில்லை. கீழே கடையைப் பெரிதாக்கும் வேலை நடந்துகொண்டிருந்ததால் சாமான்களை அகற்றி முன்பக்கக் கண்ணாடியையும் கழற்றியிருந்தார்கள். தெருவெளிச்சம் உள்ளே வரை நன்றாக விழுந்தது. பூசாத செங்கல் சுவரும் தூசியும் படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று நான்தான் அவர்களைக் கீழே அழைத்து வந்தேன். கூடத்தின் நடுவில் ஒரு தூண் இருந்தது. அதன் சிமெண்டை இடுப்புயரம் வரை கொத்தி எடுத்திருந்தார்கள். உள்ளிருந்த கம்பிகள் தெரிந்தன. மேலே உத்தரத்துக்கு இரண்டு இரும்பு முட்டுகள் கொடுக்கப்பட்டிருந்தன. அப்போது தூண் முழுதாக எடுக்கப்படவில்லை.

அதன்பின் நான் காமிராவில் புதுச் சுருள் போட்டு முதல் இரண்டு படங்களை எடுத்தேன். அந்த நேரம் கடைக்காரரும் என் அண்ணனும் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். அந்த வேலையை அவர்தான் மேற்பார்க்கிறார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அவரும் என்னை அங்கே எதிர்பார்க்கவில்லை. "நீ எங்கடி இங்க?" என்று கேட்டார். நான் சொன்னேன். அதன்பின் இடி அவரிடம், "சார், தோலை உரிச்சுட்டீங்களே, இது நிக்குமா? நாங்க தினமும் இதுக்கு மேலதான் உக்காந்து வாசிக்கிறோம்" என்று கேட்டார். அண்ணன் தூணின்மேல் கைவைத்துத் தட்டி, "யானையைக் கட்டினாலும் தாங்கும். நீங்க பாட்டுக்கு வாசிங்க" என்றார். அதற்கு இடி, "யானை சரி சார், என் டிரம்ஸைத் தாங்குமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அந்தச் சமயத்தில் நான் பொத்தானை அழுத்தினேன். அது மூன்றாவது படம்.

அதற்குப் பிறகு அண்ணனும் கடைக்காரரும் பின்பக்கம் போய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் செங்கல் சுவரை மட்டும் ஒரு படம் எடுத்தேன். பிறகு நாங்கள் மாடிக்குப் போனோம். அங்கே ஜன்னலோரம் இடியைத் தனியாக நிறுத்திப் பல படங்கள் எடுத்தேன். அவர் சும்மா நிற்க மாட்டார், குச்சியால் ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். சுருள் தீரவில்லை. மிச்சத்தில் தெருக்காட்சிகள் எடுக்கலாம் என்று காமிராவிலேயே விட்டுவிட்டேன். அடுத்த வாரம் எதிரிலுள்ள வாகன நிறுத்தத்தின் மேல்தளத்திலிருந்து அதே கட்டிடத்தையும் தெருமுனையையும் எடுத்தேன். அப்போது கடைக்குப் புதுக்கண்ணாடி போட்டிருந்தார்கள். உள்ளே தூண் தெரிந்ததா என்று அதிகாரி கேட்கிறார். தெரிந்ததாக நினைவில்லை. கண்ணாடியில் எதிர்வெயில் அடித்தது. உறுதியாகச் சொல்ல முடியாது.

கட்டிடம் விழுந்தது அந்த வாரமே சனிக்கிழமை மத்தியானம். நான் என் அறையில் இருந்தேன். குழுவில் கிடார் வாசிப்பவர் அன்று தாமதமாக வந்ததால் தப்பித்தவர், அவர்தான் போனில் சொன்னார். சொன்னார் என்றால், "அக்கா, மாடியக் காணோம்" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் போனபோது தெரு முழுக்க வெள்ளையாக இருந்தது. மீட்புப் படையினர் இடிபாட்டுக்குள் யாராவது குரல் கொடுக்கிறார்களா என்று கேட்பதற்காக எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லியிருந்தார்கள். அப்போது ஒருவர் கால்பட்டு, குப்பையில் கிடந்த டிரம்ஸின் பித்தளைத் தட்டு ஒலித்தது. ஒருவரும் அசையவில்லை. அந்த ஓசை அடங்கும்வரை அத்தனை பேரும் நின்றோம். அதன்பின் உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

வயலின் அக்காவை முதலில் எடுத்தார்கள். உயிர் இருந்தது. இடது கை நசுங்கியிருந்தது. இருட்டுவதற்குள் இடியையும் எடுத்தார்கள். அவர் உயிரோடு இல்லை. இரண்டாவது மாடியில் குடியிருந்த கணவன் மனைவியும் இறந்துபோனதாகப் பிறகு தெரிந்துகொண்டேன். அவர்களை எனக்குத் தெரியாது. நான் காமிரா எடுத்துப்போகவில்லை. படம் எதுவும் எடுக்கவில்லை.

மறுநாள் என் அண்ணன் பத்திரிகைக்காரர்களிடம், வரைபடம் போட்டுக் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது, அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை, தூணைக் கொத்தியது தனக்குத் தெரியாது என்று சொன்னதைச் செய்தியில் பார்த்தேன். அன்று பகலில் அவர் என் அறைக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார், அப்படி அவர் வந்ததே இல்லை. "அன்னைக்கு எடுத்த படத்தைக் கழுவிட்டியா?" என்று கேட்டார். இன்னும் இல்லை, காமிராவுக்குள்ளேயே இருக்கிறது என்று சொன்னேன். காமிரா மேசைமேல் இருந்தது. அவர் அதைக் கையில் எடுத்துச் சிறிது நேரம் வைத்திருந்தார். நான் அவரிடம், "அண்ணா, கீழ வை" என்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே மேல் குமிழை இழுத்தார். பின்மூடி திறந்துகொண்டது. ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். நான் பாய்ந்து பிடுங்கி மூடினேன். எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

நான் அவரை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவர் முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "எனக்கும் புள்ளைங்க இருக்கு" என்றார். கடைக்காரர் தூணை எடுத்தே ஆகவேண்டும் என்று நின்றதாகவும், உத்தரத்தைப் பலப்படுத்திய பிறகு எடுக்கலாம் என்று தான் சொன்னதாகவும், அவர்கள் அவசரப்பட்டுவிட்டதாகவும் சொன்னார். "அப்ப நீ ஏன் யானை தாங்கும்னு சொன்னே?" என்று கேட்டேன். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றே சுருளைக் கழுவினேன். இந்த வகைக் காமிராவில் எடுத்த படங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொள்ளும், முதலில் எடுத்தவை அடியில் இருக்கும். மூடி திறந்தால் மேல்சுற்றுகளில்தான் வெளிச்சம் பாயும். அவ்வாறே தெருமுனைப் படங்களும், மாடியில் இடியைத் தனியாக எடுத்த படங்கள் அத்தனையும் கறுத்துப்போயின. அவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அடியிலிருந்த நான்கு படங்கள் ஓரம் மட்டும் கறுத்துத் தப்பின. மூன்றாவது படத்தில் கம்பி தெரியும் தூணும் இரும்பு முட்டுகளும் உள்ளன; வயலின் அக்கா, இடி, தூண்மேல் கைவைத்தபடி என் அண்ணன், பின்னால் பாதி முகமாகக் கடைக்காரர் ஆகியோர் தெளிவாக உள்ளனர்.

அடுத்த நாள் என் தாயார் வந்தார். அவர் அண்ணனோடுதான் இருக்கிறார். படம் தப்பியதை அவரிடம் மட்டும் சொன்னேன். "ரெண்டு கண்ணுல எதைக் குத்திக்கணும்னு என்னையே கேக்குறியா?" என்றார். நான் எதுவும் கேட்கவில்லையே என்றேன். பிறகு, "அந்த டிரம்ஸ்காரப் பையனுக்குப் புள்ளை இருக்கா?" என்று கேட்டார். பெண் குழந்தை ஒன்று, இன்னும் நடக்கவில்லை என்றேன். எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நீ செய்யறதைச் செய். ஆனா என்கிட்ட கேட்டுட்டுச் செஞ்சதா இருக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ் நிறுத்தம் வரை கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார்.

இந்த நிலையத்துக்கு வருமுன் அண்ணனுக்குப் போன் செய்தேன். முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக்கூடாது என்பதற்காகச் செய்தேன், எச்சரிப்பதற்காக அல்ல. நெகடிவைக் கொடுக்கப் போகிறேன் என்றேன். எரிந்துபோகவில்லையா என்று கேட்டார். நான்கு படம் பிழைத்துவிட்டது என்றேன். "அதுல நான் இருக்கேனா?"

"இருக்கே."

"எப்படி இருக்கேன்?"

சிரித்துக்கொண்டு இருக்கிறாய் என்று சொன்னேன். பின்னால் அவருடைய மகன் எதற்கோ அடம்பிடிக்கும் சத்தம் கேட்டது. நான்தான் போனை வைத்தேன்.

நான் இப்போது ஒப்படைக்கும் நெகடிவ் வெட்டப்படவோ திருத்தப்படவோ இல்லை. கறுத்துப்போன பகுதியும் அதோடு சேர்ந்தே உள்ளது.

வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறேனா என்று அதிகாரி கேட்டார். ஒன்று உண்டு. இடியின் மனைவி நேற்று என் அறைக்கு வந்து, அவருடைய படம் ஒன்று வேண்டும் என்றார். தனியாக எடுத்தவை வீணாகிவிட்டன, ஒன்றில் மட்டும் நன்றாகச் சிரிக்கிறார், ஆனால் பக்கத்தில் என் அண்ணன் நிற்கிறார் என்று உள்ளதைச் சொன்னேன். இடி மட்டும் இருக்கும்படி மற்றவர்களை விட்டுவிட்டுப் பெரிதாக்கித் தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, "வேண்டாங்க்கா, வெட்டாதீங்க. இவ பெரியவளானா, அப்பா யாரைப் பாத்துச் சிரிக்கிறாருன்னு கேப்பா. நான் சொல்லணும்" என்றார். ஆகவே விசாரணை முடிந்த பிறகாவது அந்த நெகடிவை என்னிடம் திருப்பித் தந்தால் அவருக்கு முழுப்படமாகப் போட்டுக் கொடுப்பேன்.

நான் சொன்னதை அதிகாரி எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். கேட்டேன். சரியாக இருக்கிறது. என் அறிவுக்கு எட்டியவரை இதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
முதல் எதிரியின் தங்கை