மிளகாய்த்தூள் முன்னே போன ஊர்

“கோர்ட் முழுக்கத் தும்மினதாம், அன்ரி!”

அஜின்கோர்ட் பகுதிக்குப் போகும் பஸ்ஸில், முன் சீற்றிலிருந்த இளம்பெண் இப்படிச் சொன்னதும் நான் கேட்டுக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டேன். அவளுக்குப் பக்கத்தில் இருந்த அன்ரி, மடியிலிருந்த முருங்கைக்காய்ப் பையோடு அவள் பக்கம் திரும்பினார்.

“எந்தக் கோர்ட், பிள்ளை?”

“நான் நேர்ஸ் வேலைக்குப் போற ஊரில. அமெரிக்காவில, வட டகோட்டா. அங்கத்தைய கவுண்டிக்கு, எங்கட மாவட்டம் மாதிரி, அதுதான் தலைநகராம். ஆனா ஒரு தெரு, ஒரு கோர்ட், சுத்திவரக் கோதுமை. அவ்வளவுதான்!”

“அதுக்கேன் தும்மினவை?”

“அம்மா வறுத்துத் திரிச்ச மிளகாய்த்தூளை எனக்கு முன்னமே பார்சலில அனுப்பிப்போட்டா. வீட்டு விலாசம் இன்னும் கிடைக்கேல்லை எண்டு, இன்ரர்நெற்றில கண்ட கோர்ட் விலாசத்தைப் போட்டவ. அங்க பை வெடிச்சிட்டுது!”

“ஐயோ! இனி உன்னை வேலைக்கு எடுப்பினமே?”

“நானும் அப்பிடித்தான் பயந்தனான். கோர்ட் கிளார்க் போன் எடுத்தவ. மிஞ்சின தூளைக் கரண்டியால அள்ளிப் போத்தலில போட்டு வைச்சிருக்கிறாவாம். நான் வந்து சமைச்சுக் காட்டோணுமாம். ஊரே சாப்பிட வருமாம், அன்ரி!”

அன்ரி கொஞ்சம் யோசித்தார். பிறகு, எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் எங்கள் சனம் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

“அங்க எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமே?”

“இப்ப தூள் மட்டும்தான் இருக்கு, அன்ரி. ஞாயிற்றுக்கிழமையில இருந்து நானும் இருப்பன்.”