பேனாவில் வரைந்த வட்டம்

ஏலக்காய்த் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சிலமலையிலிருந்து போடிக்குக் காலை பஸ்சில் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் வெள்ளைச் சேலை கட்டிய இரண்டு நர்சுகள்.

"நேத்து ஒருத்தன் வட்டத்தைத் தானே வரைஞ்சுக்கிட்டு வந்துட்டான்க்கா" என்றாள் இளையவள்.

அந்த வட்டத்தை ஒருமுறை என் கையிலும் போட்டிருக்கிறார்கள். பென்சிலின் ஊசி உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க முதலில் துளி மருந்தைக் குத்தி, அந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுவார்கள். அரைமணி நேரம் தடிக்காமல் இருந்தால்தான் முழு ஊசி.

"எதுக்குடி வரைஞ்சான்?"

"குரங்கணிக்குப் போற ஜீப்பு போயிருமாம். வெரசா குத்து ஆத்தா, சோலி கெடக்குங்குறான்."

"நீ எப்படிக் கண்டுபிடிச்ச?"

"வட்டத்துக்குள்ள ஊசி குத்துன தடமே இல்ல. உக்கார வச்சு நானே டெஸ்ட் போட்டேன். ஜீப்பு போயிருச்சுன்னு அவன் திட்டுன திட்டு இருக்கே! பத்து நிமிசத்துல கை பணியாரம் கணக்கா வீங்கிருச்சு."

"முழுசாப் போட்டிருந்தா?"

"ஆளு போயிருப்பான்."

"கெட்டிக்காரிதான்டி நீ" என்று மூத்தவள் சிரித்தாள். இளையவள் சிரிக்கவில்லை.

"நேத்து என்கூட இன்னொருத்தி இருந்தாக்கா. வரிசைய அவ பாத்துக்கிட்டா, நான் கையப் பாத்தேன். இன்னைக்கு அவள பிரசவ வார்டுக்கு மாத்திட்டாக. தனியா நின்னா நான் வட்டத்த மட்டுந்தான் பாப்பேன்."

பஸ் நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் வரிசை அப்போதே ரோடு வரைக்கும் வந்திருந்தது.