கடைசிக் கட்டம்

எனக்கு என் அத்தானை ரொம்பப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அக்காவின் கணவர். கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்கள் வீட்டு மாடியில்தான் எனக்கு ஜாகை. அங்கிருந்தபடியே ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். அத்தானுக்குக் காலையில் சுடோகு போட்டாக வேண்டும். வரிசையிலும் பத்தியிலும் ஒரே எண் திரும்ப வராமல் கட்டங்களை நிரப்புவார். முடித்ததும் டீ டம்ளரோடு படியேறி வந்து, எந்தக் கட்டத்தில் எது எப்படி விழுந்தது என்று ஆதியிலிருந்து விளக்குவார். நான் மீட்டிங்கில் இருந்தாலும் விட மாட்டார். ஒருமுறை திரைக்குள் தலையை நீட்டி என் மேலதிகாரிக்கும் சேர்த்து விளக்கினார்.

"ஏன் மாப்ள, கம்ப்யூட்டர்ல வேலைன்னு பேரு. இத போடத் தெரியுமா உனக்கு?" என்று ஒரு நாள் சீண்டினார்.

ரோஷம் வந்துவிட்டது. விடுமுறை நாளில் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. காலிக் கட்டத்தில் ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கும். முட்டிக்கொண்டால் பின்வாங்கி வேறு எண்ணைப் போடும். கண் மூடித் திறப்பதற்குள் விடை வந்து நின்றது.

அத்தான் திரையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "விடை வந்துடுச்சு, சரி. சந்தோஷம் யாருக்கு வந்துச்சு?"

நியாயமான கேள்வி. அதனால் அவர் பிறந்த நாளுக்கு, தினம் ஒரு புதிர் உருவாக்கி அவர் போனுக்கு அனுப்பும்படி ஒன்று செய்து கொடுத்தேன். ஒவ்வொரு புதிருக்கும் விடை உண்டா என்று என் புரோகிராம் சரிபார்த்த பிறகுதான் போகும். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. "என் மச்சினன் எனக்குன்னே செஞ்சது" என்று தபால்காரரைக்கூட நிறுத்தி வைத்துக் காட்டினார்.

பிறகு ஒரு நாள் நான் எதையோ மாற்றப்போய், சரிபார்க்கும் பகுதி வேலை செய்யாமல், விடையே இல்லாத புதிர் ஒன்று அவருக்குப் போய்விட்டது. அன்று அத்தான் மாடிக்கு வரவில்லை. என் அறையில் மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டுதான் ஓடுகிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.

தவறை உடனே திருத்தினேன். தொழிலில் நான் சுத்தம். தவறிருந்த அந்தப் பழைய பதிப்பை மட்டும் அழிக்க மனம் வரவில்லை.

முதலில் மீட்டிங் நாட்களில் மட்டும் அதை ஓடவிட்டேன். பிறகு, மற்ற நாட்களிடம் மட்டும் ஓரவஞ்சனை எதற்கு என்று தோன்றியது. வெறுமனே விடையில்லாத புதிர் என்றால் டீ ஆறுவதற்குள் அத்தான் பிடித்துவிடுவார். ஆகவே எல்லாம் ஒழுங்காக விழுந்து, கடைசிக் கட்டத்தில் மட்டும் எந்த எண்ணும் பொருந்தாமல் நிற்கும் புதிராகப் பார்த்துப் பொறுக்க புரோகிராமுக்குக் கற்றுக்கொடுத்தேன். தற்பெருமை இல்லை, நான் எழுதியதிலேயே அழகானது அதுதான்.

அத்தான் அழித்து அழித்துப் போட்டார். எங்கோ தான்தான் கோட்டைவிடுவதாக நினைத்தார். வீடு கோயில்போல இருந்தது. எனக்குப் பதவி உயர்வு வந்தது.

கொஞ்ச நாளில் கார் சாவியை என்னிடம் கொடுத்தார். "நீயே ஓட்டு மாப்ள. எனக்கு இப்பல்லாம் தலை சரியா நிக்கல." கார் எனக்கு மிகவும் உபயோகமாக இருக்கிறது.

அக்கா பயந்துபோய் அவரை நரம்பு டாக்டரிடம் காட்டினாள். நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். படம் எடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள். டாக்டர் சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் இல்ல. மூளைக்கு வேலை குடுத்துட்டே இருங்க. புதிர் எதாவது போடறதுண்டா?" என்றார்.

"அதெல்லாம் என் தம்பி பாத்துக்கறான், டாக்டர்" என்றாள் அக்கா. குரலில் அவ்வளவு பெருமை.

போன வாரம் அத்தான் மெதுவாகப் படியேறி வந்தார். கையில் டம்ளர் இல்லை. கதவருகிலேயே நின்றார்.

"மன்னிச்சிடு மாப்ள. நீ இவ்ளோ மெனக்கெட்டு அனுப்பற. ஒண்ணுகூட முடிக்க முடியல."

நானும் மனிதன்தானே. மறுநாள் விடையுள்ள புதிர் ஒன்றை, அதுவும் சுலபமானதாகப் பார்த்து அனுப்பினேன். அதைச் சாயங்காலம் வரை வைத்துப் போட்டார். அந்தக் கடைசிக் கட்டத்தில் எண் விழுந்ததும் கீழே கேட்ட சத்தத்தில் அக்கா பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாள். இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார். சாப்பாடு முடிந்தும் பேசினார், கை கழுவியும் பேசினார். ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் முழுவதையும் நான் கேட்டேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ இல்லேன்னா இவருக்கு யாருடா?" என்றாள்.

உண்மைதான். வேறு யார் இவ்வளவு பொறுமையாகப் பார்த்துக்கொள்வார்கள்?

மறுநாள் எனக்கு மீட்டிங் இருந்தது. டாக்டர் சொன்னபடி, அவர் மூளைக்கு வேலை கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.