மொட்டு விரிய மூன்று மணி நேரம்

மல்லிகைத் தோட்டத்தில் மல்லிகை விரிந்து பார்த்தவர்கள் குறைவு, சார். விரிந்த பூவைச் சந்தையில் யாரும் தொடமாட்டார்கள், மொட்டாகவே பறித்துவிடுவார்கள். எனக்கோ அது செடியிலேயே விரிவதைப் படம் பிடிக்க வேண்டியிருந்தது.

திண்டுக்கல்லில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணமும் காதுகுத்தும் எடுத்து அலுத்துப்போய், 1964-ல் பழைய சினிமா கேமரா ஒன்று வாங்கினேன். ஒரே மொட்டு, திரை முழுக்க. நிமிடத்துக்கு ஒரு படமாக மூன்று மணி நேரம் எடுத்தால், ஓட்டும்போது ஏழு விநாடியில் விரிந்துவிடும். நடுவில் கேமரா இம்மி அசைந்தாலும் எல்லாம் பாழ்.

நிலக்கோட்டைப் பக்கம் ராமுத்தாயின் தோட்டத்தில் இடம் கிடைத்தது. ஒரு செடியை மட்டும் பறிக்காமல் விட்டுவிடும்படி அவளிடம் சொல்லி, அடையாளத்துக்குச் சிவப்புத் துணியும் கட்டினேன். முதல் மூன்று நாளும், பாதி எடுத்திருக்கும்போது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்து மொட்டைக் கிள்ளி மடியில் போட்டாள்.

"கை தானாப் போயிருதுண்ணே. இருவது வருசப் பழக்கம்," என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிலிம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கையில் மிஞ்சியது ஒரே சுருள்.

நான்காம் நாள் காற்று. கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துவந்து, முளையடித்து, கேமராவின் முக்காலியை இழுத்துக் கட்டினேன். ராமுத்தாய் அன்று தள்ளியே நின்றாள்.

"அம்புட்டு நேரமா நிக்கிறீகளேண்ணே. செத்த இருங்க, தண்ணி மோந்துட்டு வாரேன்."

குடத்தோடு போனாள். கயிறு என்னிடம் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பக்கத்தில் வருவாள், கையை நீட்டுவாள். சொல்லவில்லை.

கயிறு இல்லாததால் கிணற்றுப் படியில் இறங்கியிருக்கிறாள். படியெல்லாம் பாசி. விழுந்த சத்தம் கேட்டபோது இதழ் பிரியத் தொடங்கியிருந்தது.

"அண்ணே, கயித்தப் போடுங்கண்ணே. கை வழுக்குது."

அவிழ்த்தால் முக்காலி ஆடிவிடும். மூன்று முறை கெடுத்தவள் நான்காம் முறையும் கெடுக்கப் பார்க்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. கடிகாரத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம் கூப்பிட்டாள். படத்தில் அது இரண்டு விநாடிகூட வராது. பிறகு கூப்பிடவில்லை. பூ முழுதாக விரிந்தது.

எல்லாம் உண்மை, கையெழுத்துப் போடுகிறேன். என் ஆதங்கம் வேறு. சோதனைக்கு வந்த உங்கள் ஏட்டையா, உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தச் சுருளை வெயிலில் உருவிப் பார்த்தார். கழுவாத பிலிம், சார். ஒரு படம்கூடத் தேறவில்லை.

ராமுத்தாயின் உயிரை வீணாக்கியது அவர்தான். நான் அல்ல.